பேரீச்சையின் சர்க்கரையை ஒளியால் அளக்கப் போகிறீர்களா? முதல் சீசனுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

சவுதியின் அல் அஹ்ஸாவில் பேரீச்சை பேக்கிங் செய்யும் இடத்தில், தர லேபில் வேலை பார்க்கிறேன். கையடக்க நியர் இன்ஃப்ராரெட் (சிவப்புக்கு அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) கருவி ஒன்று வாங்கி, பழத்தை வெட்டாமலே சர்க்கரை அளக்க வேண்டும் என்று சொன்னார்கள். பழத்தின் மேல் வைத்து பட்டனை அழுத்தினால் எண் வரும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் சீசன் முழுக்க வீணாயிற்று. இரண்டாவது சீசனில்தான் வேலை வழிக்கு வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், கல்லூரிப் புராஜெக்டாக இதை எடுக்கிறவர்கள் அந்த ஒரு சீசனை இழக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கருவிக்குச் சர்க்கரை தெரியாது. பழத்தில் பட்டுத் திரும்பும் ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த வளைகோட்டுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை நீங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். நூறு, நூற்றைம்பது பழங்களை ஸ்கேன் செய்து, அதே பழங்களை வெட்டி லேபில் சோதித்து, இரண்டையும் கணக்கில் இணைக்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் மாடல் என்கிறோம். லேபில் நீங்கள் விடும் தவற்றையும் கருவி சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

1. எந்த எண் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'சர்க்கரை அளவு' என்று மேலாளர் சொன்னால் அப்படியே தலையாட்டிவிட்டு வராதீர்கள். அதில் மூன்று அர்த்தங்கள் இருக்கின்றன: பிரிக்ஸ் (சாற்றில் கரைந்திருப்பவற்றின் சதவீதம், பெரும்பகுதி சர்க்கரை), 100 கிராம் பழத்தில் உள்ள சர்க்கரை, ஈரத்தைக் கழித்த உலர் எடையில் உள்ள சர்க்கரை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பழத்தில் ஈரம் 20 சதவீதம், உலர் எடையில் சர்க்கரை 80 சதவீதம். அப்படியானால் 100 கிராமில் சர்க்கரை 64 கிராம். இன்னொரு பழத்தில் உலர் எடைச் சர்க்கரை அதே 80 சதவீதம்தான், ஆனால் ஈரம் 30. இப்போது 100 கிராமில் 56 கிராம்தான். சர்க்கரை மாறவே இல்லை, தண்ணீர் மாறியதிலேயே எட்டு கிராம் வித்தியாசம். நியர் இன்ஃப்ராரெட்டில் மிகப் பலமாகத் தெரிவது தண்ணீர்தான். 970, 1450, 1940 நானோமீட்டரை ஒட்டி அதன் உறிஞ்சல் கிடக்கிறது. அதனால் பல சமயம் நீங்கள் கட்டுவது சர்க்கரை மீட்டர் என்று பெயர் வைத்த ஈரப்பத மீட்டராக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை ஆறாவது படியில் சொல்கிறேன்.

உண்மையில் என்ன தேவை என்றும் கேளுங்கள். பேக்கிங் இடத்தில் பெரும்பாலும் ஈரப்பதம்தான் தலைவலி. பேரீச்சைக்கான கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) தரநிலை ஈரத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: சுக்ரோஸ் தங்கும் ரகங்களுக்கு 26 சதவீதம், குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக மாறிவிடும் ரகங்களுக்கு 30 சதவீதம். இதற்குத்தான் கருவி என்றால் ஈரப்பதத்துக்கே மாடல் கட்டுங்கள். எளிது, செலவு குறைவு, பலனும் நம்பகமானது.

2. ரகத்தையும் பருவத்தையும் கலக்காதீர்கள்

பேரீச்சை கிம்ரி, கலால், ருதப், தமர் என்று பழுக்கிறது. கிம்ரி பச்சைக் காய். கலால் நிறம் மாறிய கடினக் காய். ருதப் மென்மையான ஈரப்பழம். தமர் நாம் கடையில் பார்க்கும் உலர்ந்த நிலை. நாலையும் ஒன்றாகப் போட்டு மாடல் கட்டினால் கிராஃப் அழகாக நேர்கோட்டில் வரும். அது ஏமாற்று. காய்க்கும் கனிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது சொல்கிறது, அது கண்ணுக்கே தெரியும். தமரில் 66-க்கும் 70-க்கும் வித்தியாசம் சொல்ல வேண்டும் என்றால் தமரை மட்டும் வைத்துக் கட்டுங்கள்.

ரகமும் அப்படித்தான். எங்கள் ஊரின் கலாஸ் ரகத்தில் பழுக்கும்போது சுக்ரோஸ் உடைந்து பெரும்பாலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகிவிடும். சவுதியின் நடுவிலுள்ள கசீம் பக்கத்திலிருந்து வரும் சுக்கரி தமரிலும் கணிசமான சுக்ரோஸ் நிற்கும். கலாஸில் கற்ற மாடலை சுக்கரியில் வைத்தால் எண் வரும், ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. முதல் சீசனில் ஒரு ரகம் போதும்.

3. கருவி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். கையடக்கக் கருவிகள் சில ஆயிரம் டாலரில் தொடங்கி இருபது, முப்பதாயிரம் வரை போகும். மேசைமேல் வைக்கும் எஃப்டி (ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்) வகை அதற்கும் மேல். கற்றுக்கொள்ள மட்டும் என்றால், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சுமார் ஆயிரம் டாலருக்கு வெளியிட்ட நானோ போர்டு போன்றவை 900 முதல் 1700 நானோமீட்டர் வரை பார்க்கும். கல்லூரி புராஜெக்டுக்கு இது தாராளம்.

அலைநீள எல்லையைப் பார்த்து வாங்குங்கள். சிலிக்கான் டிடெக்டர் உள்ள மலிவான கருவிகள் ஏறத்தாழ 1100 வரைதான் பார்க்கும். அங்கே உறிஞ்சல் பலவீனம், ஆனால் ஒளி சதைக்குள் ஆழமாகப் போகும். இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் 1700 வரை பார்க்கும். அங்கே 1200, 1450, 1700 பகுதிகள் நன்றாகத் தெரியும், ஆனால் ஒளி தோலை ஒட்டிய சதையோடு நின்றுவிடும். பேரீச்சையில் சதை மெல்லியது, உள்ளே கொட்டை இருக்கிறது. ஆழமாகப் போகும் ஒளி கொட்டையையும் தொட்டுவிட்டு வரலாம். தமருக்கு எனக்கு இரண்டாவது வகைதான் சரிப்பட்டது.

காசு கொடுக்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை:

- மூல நிறமாலையை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்பியது என்ற வளைகோடு) சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? சில கருவிகள் முடிவை மட்டும் காட்டும், நிறமாலையைத் தராது. தந்தாலும் அதற்குத் தனி லைசென்ஸ், மாதச் சந்தா கேட்பார்கள். எனக்கு இது கருவி வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கூடுதல் பணம் ஒப்புதல் ஆகி வருவதற்குள் கலாஸ் அறுவடை பாதி முடிந்துவிட்டது.
- அலைநீளச் சரிபார்ப்புச் சான்றிதழ், வெள்ளை ரெஃபரன்ஸ் தட்டின் (ஒளி ஏறத்தாழ முழுதாகத் திரும்பினால் எப்படி இருக்கும் என்று கருவிக்குக் காட்டும் தட்டு) சான்றிதழ்.
- மாற்று விளக்கின் விலை, கிடைக்கும் நாள்.
- லித்தியம் பேட்டரி இருந்தால் போக்குவரத்துக்கான யுஎன் 38.3 சோதனைச் சான்று. புளூடூத், வைஃபை இருந்தால் ரேடியோ அனுமதிக்கான தாள்கள். சவுதிக்குள் வரும் பொருட்களை சாபர் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்வதை பர்சேஸ் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் விற்பவரிடமிருந்து தாள் வராமல் அவர்களாலும் நகர முடியாது.

'பேரீச்சைக்கான மாடல் கருவியிலேயே இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்த ரகம், எந்த நிலை, எத்தனை பழம், எத்தனை சீசன் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மாடலுக்காக ஒரு ரியால்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

4. லேப் சோதனை: உண்மையான செலவு இங்கேதான்

வெளி லேபில் ஒரு சாம்பிளுக்கு ஹெச்பிஎல்சி (கலவையிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் முறை) சர்க்கரைச் சோதனைக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதை 150-ஆல் பெருக்குங்கள். சரிபார்ப்புக்காக இரட்டைச் சோதனை போகும் சாம்பிள்களையும் சேருங்கள். மலிவான கருவி என்றால் அதன் விலையை இந்தத் தொகை தாண்டிவிடும். பட்ஜெட்டில் இதைப் போடாமல் கருவிக்கு மட்டும் ஒப்புதல் வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

வழிகள் மூன்று.

ரிஃப்ராக்டோமீட்டர் (சாற்றில் ஒளி வளைவதை வைத்துப் பிரிக்ஸ் காட்டும் மீட்டர்) மலிவு, உடனே தெரியும். கலால், ருதப் நிலைக்கு ஓரளவு சரி. தமரைப் பிழிந்தால் சாறு வராது. நறுக்கி, வெந்நீரில் அரைத்து, வடிகட்டி, ஆறவைத்து அளக்க வேண்டும். 10 கிராம் சதைக்கு 40 கிராம் தண்ணீர் சேர்த்தால் ஐந்து மடங்கு நீர்த்திருக்கும். மீட்டர் 14 காட்டினால் பழத்தில் 70 என்று பெருக்குவீர்கள். அப்போது மீட்டரின் 0.2 பிழையும் ஐந்தால் பெருகி 1 ஆகிவிடும். எடை தராசில் விடும் தவறு தனி. தண்ணீரை மில்லி லிட்டரில் ஊற்றாமல் எடை போட்டே சேருங்கள்.

டைட்ரேஷன், அதாவது குளுக்கோஸ், ஃபிரக்டோஸோடு வினைபுரிந்து சுக்ரோஸோடு வினைபுரியாத ஃபெலிங்ஸ் கரைசலை வைத்துச் செய்யும் லேன்-ஐனான் முறை, பொருள் செலவு குறைவு, ஆனால் பொறுமை வேண்டும். அமிலம் சேர்த்து சுக்ரோஸை உடைக்கும் முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை அளந்து, வித்தியாசத்தை 0.95-ஆல் பெருக்கினால் சுக்ரோஸ். நிறம் மாறும் முடிவுப் புள்ளியை எல்லாச் சாம்பிளுக்கும் ஒரே ஆள் பார்க்கட்டும்.

ஹெச்பிஎல்சி மூன்று சர்க்கரையையும் தனித்தனியாகத் தரும். முடிந்தால் இதுதான்.

எந்த வழியானாலும் ஈரப்பதத்தையும் சேர்த்தே அளந்துவிடுங்கள். வழக்கமான 105 டிகிரி அடுப்பில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் ஃபிரக்டோஸ் சிதைந்து, ஈரம் கூடுதலாகக் காட்டும். வேக்குவம் அடுப்பில் 70 டிகிரி, 6 மணி நேரம். சதை பிசினாக இருப்பதால், சுத்தம் செய்து உலர்த்திய மணலோடு தட்டில் பிசைந்து பரப்பினால்தான் உள்ளே வரை காயும்.

வேலையைத் தொடங்கும் முன் பத்துச் சாம்பிளை அரைத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, லேபுக்குச் சொல்லாமல் வேறு வேறு எண் போட்டு அனுப்புங்கள். ஒரே பழத்துக்கு 64 என்றும் 67 என்றும் வந்தால், உங்கள் கருவி எந்தக் காலத்திலும் அதைவிடத் துல்லியமாக இருக்கப்போவதில்லை. முதலில் லேப் வேலையைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று. ஒரு கலாஸ் பழத்தில் கொட்டை போக ஏழெட்டு கிராம் சதைதான் கிடைக்கும். லேப் 10 கிராம் கேட்டால் ஒரு பழம் போதாது. ஐந்து பழத்தைச் சேர்த்து அரைத்து அனுப்பினால் அந்த ஐந்தின் நிறமாலைகளையும் சராசரி எடுத்து ஒரே வரியாகத்தான் வைக்க வேண்டும். ஐந்து வரியாக எழுதி ஐந்துக்கும் ஒரே லேப் எண்ணை ஒட்டினால் கணக்கே கெட்டுவிடும்.

5. ஸ்கேன் செய்யும் நாள்

காலையில் முதல் வேலை, கருவியை ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்கள். விளக்கு சூடேறி நிலைப்படாமல் எடுத்த ஸ்கேன்கள் தனியாகத் திரிந்து நிற்கும்.

பழங்கள் லேபின் சூட்டுக்கு வரட்டும். குளிர் அறையிலிருந்து எடுத்த உடனே ஸ்கேன் செய்தால் தண்ணீரின் உறிஞ்சல் பட்டை வெப்பத்துக்கேற்ப நகர்ந்திருக்கும், தோலில் வியர்வையும் பூத்திருக்கும். முதல் நாள் இரவே பெட்டியை மூடி வெளியே வைத்துவிட்டால் நல்லது.

மணல் தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகே வையுங்கள். பளபளப்புக்காகக் குளுக்கோஸ் பாகு பூசிய பழம் இதற்கு ஆகாது, பூச்சுக்கு முன் எடுங்கள். பழம் ஒட்டுகிறதே என்று சன்ன பிளாஸ்டிக் தாள் சுற்றுவார்கள். அது வேண்டவே வேண்டாம். பாலித்தீனுக்கும் 1200, 1700 பக்கம் சொந்த உறிஞ்சல் உண்டு, சர்க்கரை இருக்கும் இடத்திலேயே போய் உட்காரும். ஒட்டினால் நாலைந்து பழத்துக்கு ஒரு தடவை கருவியின் கண்ணாடியை எத்தனால் தொட்ட துணியால் துடையுங்கள்.

வெள்ளைத் தட்டை விரலால் தொடாதீர்கள். பேரீச்சை லேபில் எதைத் தொட்டாலும் பிசுக்கு. ஒரு நாள் மதியத்துக்கு மேல் எடுத்த எல்லா நிறமாலையும் ஒரே பக்கமாக ஏறி நின்றது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது நடுவில் ஒரு பெருவிரல் ரேகை, பாகு காய்ந்து பளபளத்தது. அன்றிலிருந்து அதற்கு மூடி போட்ட டப்பா, எடுக்க இடுக்கி. இருபது பழத்துக்கு ஒரு தடவை வெள்ளைத் தட்டையும், ஒளியே இல்லாத இருட்டு அளவையும் மறுபடி எடுக்கிறோம்.

எந்த இடத்தில் வைப்பது? பேரீச்சை நுனியிலிருந்து காம்பை நோக்கிப் பழுக்கிறது. பாதிக் கனியில் நுனி ருதப், காம்புப்பக்கம் இன்னும் கலால். அதனால் நடு வயிற்றில், எதிரெதிராக இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று ஸ்கேன். லேபுக்குச் சதை எடுக்கும்போதும் அதே நடுப்பகுதியிலிருந்து எடுங்கள். தோல் சதையை விட்டுப் பிரிந்து உப்பியிருக்கும் பழங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவில் காற்று நின்று ஒளியைச் சிதறடிக்கும். அவற்றை ஒதுக்கினால், பிறகு வேலையிலும் அப்படிப்பட்ட பழத்துக்கு மாடலைப் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்கேன் செய்த அன்றே சதையை வெட்டுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பையில் உறைய வைத்துவிடுங்கள். அறை வெப்பத்தில் கிடந்தால் பழத்திலுள்ள என்சைம் சுக்ரோஸை உடைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது பதிவேடு. என் முதல் சீசன் போனது இதில்தான். முப்பத்தேழாவது பழத்தை ஸ்கேன் செய்யும்போது கை நழுவிவிட்டது, மறுபடி எடுத்தேன். கருவி அதற்கு அடுத்த எண்ணைக் கொடுத்தது. அதன் பிறகு அன்று எடுத்த எல்லாக் கோப்புகளும் ஓர் எண் தள்ளிப்போயின. ஒவ்வொரு நிறமாலைக்கும் பக்கத்துப் பழத்தின் சர்க்கரை. இது போல மூன்று நாள் நடந்திருந்தது. எந்த நாள்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் எல்லாவற்றையும் விட வேண்டியதாயிற்று.

ஆகவே: கருவி தரும் வரிசை எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு பழத்தையும் எண் எழுதிய தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பழத்தில் ஸ்டிக்கர் நிற்காது. கோப்புப் பெயரில் பழ எண்ணைக் கையால் அடியுங்கள். தாளில் பழ எண், ரகம், தோட்டம், மரம், பறித்த தேதி, நிலை, எடை, பழத்தின் வெப்பம், கோப்புப் பெயர், ஸ்கேன் செய்தவர், கைநழுவல், மறு ஸ்கேன் எல்லாம் இருக்கட்டும். பிறகு ஈரம், சர்க்கரைக்கான கட்டங்கள். மாலையில் கோப்புகளையும் தாளையும் இரண்டு பேர் சேர்ந்து ஒப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

6. மாடல் கட்டுவது

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். பைத்தானில் சைக்கிட்-லேர்ன், ஆர் மொழியில் பிஎல்எஸ் தொகுப்பு, இரண்டும் இலவசம். முதலில் எல்லா நிறமாலையையும் ஒரே படமாக வரைந்து கண்ணால் பாருங்கள். தனியாகத் திரியும் கோட்டின் பழ எண்ணைப் பதிவேட்டில் தேடினால் பாதிக்குமேல் காரணம் தெரிந்துவிடும். அப்புறம் எஸ்என்வி திருத்தம் (ஒளிச் சிதறலால் வரும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), சவிட்ஸ்கி-கோலே முதல் வகைக்கெழு (கோட்டை மென்மையாக்கி அதன் சரிவை எடுப்பது), அதன்மேல் பிஎல்எஸ் (நிறமாலையைச் சில காரணிகளாகச் சுருக்கிச் சர்க்கரையோடு இணைக்கும் கணக்கு). இதற்கு மேல் வித்தைகள் முதலில் தேவையில்லை. நூறு சாம்பிளுக்கு 12, 15 காரணிகள் வைத்தால்தான் நன்றாக வருகிறது என்றால் மாடல் மனப்பாடம் செய்கிறது என்று அர்த்தம்.

பெரிய பொறி, டேட்டாவைப் பிரிப்பதில். ஒரு பழத்துக்கு ஆறு ஸ்கேன் இருக்கும். கணினி அவற்றைக் கலைத்துப் போட்டு நாலைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் எடுத்தால், மாடல் ஏற்கெனவே பார்த்த பழத்தைத்தான் மறுபடி பார்க்கிறது. மதிப்பெண் ஜொலிக்கும், புதுத் தோட்டத்துப் பழம் வந்ததும் விழுந்துவிடும். பழ வாரியாகப் பிரியுங்கள். அதைவிட நல்லது தோட்ட வாரியாக: மூன்று தோட்டத்தில் கற்று, நாலாவதில் சோதியுங்கள். சைக்கிட்-லேர்னில் இதற்கென்றே குரூப் கே-ஃபோல்டு இருக்கிறது.

இப்போது முதல் படியில் சொன்ன சோதனை. லேபில் அளந்த ஈரப்பதத்தை மட்டும் வைத்துச் சர்க்கரையைக் கணிக்கும் ஒரு சாதாரண நேர்கோட்டைப் போடுங்கள். அதன் பிழை எவ்வளவு, உங்கள் நிறமாலை மாடலின் பிழை எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் உங்களிடம் இருப்பது ஈரப்பத மீட்டர். அதை அப்படியே மேலாளரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். உலர் எடைச் சர்க்கரைக்கும் மாடல் கட்டிப் பாருங்கள். ஒரே ரகத் தமரில் அந்த எண் குறைவாகவே மாறும், அதனால் பெரும்பாலும் மாடல் பலவீனமாகத்தான் வரும். முழுப் பழத்தில் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் தனித்தனியாகச் சொல்வதாக யாராவது எண் காட்டினால், அவர்கள் எப்படிப் பிரித்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டின் உறிஞ்சலும் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பவை.

அறிக்கையில் ஆர்-ஸ்கொயரை (கணிப்பு லேப் எண்ணோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்) மட்டும் எழுதாதீர்கள். சோதனைப் பழங்களில் சராசரிப் பிழை எத்தனை கிராம், எல்லா எண்ணும் ஒரே பக்கம் சாய்கிறதா, லேபின் சொந்தப் பிழை எத்தனை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

7. காலண்டர்

அல் அஹ்ஸாவில் ருதப் கோடையில் வரத் தொடங்கும், தமர் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலிருந்து. பழம் உங்களுக்காகக் காத்திருக்காது. பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். பிப்ரவரியில் கருவிக்கு ஆர்டர். மே மாதம் கருவி கையில் இருக்க வேண்டும். ஜூனில், போன சீசன் குளிர் அறைப் பழத்தை வைத்து ஸ்கேன், பதிவேடு, லேப் எல்லாவற்றையும் ஒத்திகை பாருங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து பழம்தான் முடியும். ஸ்கேன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மீதி நாள் முழுக்க வெட்டுவதும் எடை போடுவதும்தான். 150 பழத்துக்கு ஏழெட்டு வேலை நாள். அதை ஒரே வாரத்தில் அடுக்காமல் சீசன் முழுக்கப் பரப்புங்கள், முதல் பறிப்பும் கடைசிப் பறிப்பும் உள்ளே வரட்டும். அடுத்த சீசனில் புதிதாக முப்பது, நாற்பது பழத்தை வெட்டிச் சோதித்த பிறகே மாடலைப் பேக்கிங் லைனில் விடலாம்.

8. லைனில் விட்ட பிறகு

வாரம் ஐந்து பழம் லேபுக்குப் போகட்டும். கருவி சொன்னதையும் லேப் சொன்னதையும் ஒரே கிராஃபில் குறித்து, சுவரில் ஒட்டுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே பக்கம் விலகினால் முதலில் வெள்ளைத் தட்டு, அடுத்தது கண்ணாடி, பிறகு விளக்கு என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் பழம் மாறியிருக்கிறது: புதுத் தோட்டமாக இருக்கலாம், வேறு ரகம் கலந்திருக்கலாம். அந்தப் பழங்களை வெட்டி மாடலில் சேர்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான். விளக்கை மாற்றினால் அன்றே, பத்துப் பழத்தை ஸ்கேன் செய்து லேப் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் லைனைத் திறங்கள். அதற்கென்று, லேபில் எண் தெரிந்த பத்துப் பழத்தின் மறுபாதியை உறைய வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். உறைந்து இளகிய சதை ஒளியை வேறு மாதிரி சிதறடிக்கும். புதுப் பழம் பத்து எடுத்து, ஸ்கேன் செய்த பிறகு வெட்டி அன்றே வேக்குவம் அடுப்பில் வையுங்கள். மாலைக்குள் ஈரப்பதம் கிடைத்துவிடும். ஈர எண் ஒத்துப்போனால் சர்க்கரைக்கான லேப் முடிவு வரும்வரை லைன் ஓடலாம்.